பெரிய பியூஸ் சும்மா போகாது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேதுபாவாசத்திரம் தாண்டித் தெற்கே வருகிறவர்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிற இடம் எங்கள் கட்டுமாவடி. தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று கடலை ஒட்டியே ரோடு போகும். வடக்கே மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை. மேற்கே திரும்பினால் அறந்தாங்கி. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிற வேன், கடலோரமாகவே ராமேஸ்வரம் போகிற கார், மார்க்கெட்டில் மீன் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் எல்லாம் இந்த முக்கத்தைத் தாண்டித்தான் போகின்றன. இங்கே நான் கார் எலக்ட்ரீஷியன். என் பட்டறைக்கு வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் உப்பு செய்த வேலை. அதிலும் பானட்டுக்குள் இருக்கும் பெரிய பியூஸ் போய் வண்டி ஒரேயடியாக நின்றுவிடுகிற கேஸ்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நடக்கிற தவறான வைத்தியத்தால் வண்டிகள் எரிவதைப் பார்த்திருக்கிறேன்.

நின்றுபோன வண்டிக்காரர் போனில் சொல்கிற முதல் வார்த்தை, "பேட்டரி போச்சுண்ணே." சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு லைட்டும் வராது. ஹார்ன் அடிக்காது. ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்காது. பேட்டரி செத்த வண்டியும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேட்டரி படுத்த வண்டி பெரும்பாலும் முன்னாலேயே சொல்லிவிடும். இரண்டு நாளாக செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், லைட் மங்கும். நேற்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடி, ஒரு நொடியில் மொத்தமாக அணைந்த வண்டி என்றால் என் கை முதலில் மல்டிமீட்டருக்குத்தான் போகும். பேட்டரி முளையில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். நல்ல பேட்டரி. பியூஸ் பாக்ஸின் அந்தப் பக்கம் வைத்தால் பூஜ்யம். நடுவில் ஒரே ஒரு தகடு அறுந்திருக்கிறது.

டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற சின்ன பியூஸ்களை இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்கூட மாற்றிவிடுவான். ஐந்து, பத்து, பதினைந்து ஆம்பியர். பிடுங்கி, பார்த்து, அதே நிறத்தில் ஒன்றைச் செருகினால் முடிந்தது. பானட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற குடும்பம் வேறு. 40, 60, 80, 100, 120 என்று போகும். சிலது பேட்டரியின் பிளஸ் முளை மேலேயே உட்கார்ந்திருக்கும். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளைப் பல வண்டிகளில் பியூஸ் இல்லாமல் நேராகவே இழுத்திருப்பார்கள். மற்ற எல்லா கரண்டும் இந்தப் பெரிய பியூஸ்கள் வழியாகத்தான் வண்டிக்குள் போக வேண்டும். டைனமோ உற்பத்தி செய்கிற கரண்டும் இவற்றின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் போல இழுக்கும். ரேடியேட்டர் ஃபேன் அதைப் போல இரண்டு மடங்கு. ஏசி புளோயர் தனி. கரண்டில் ஓடுகிற பவர் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பினால் அது ஒன்றே ஐம்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். இத்தனையையும் சுமக்கிற தகடு, லேசில் உருகுகிற தகடாக இருக்க முடியாது.

இதைத்தான் வண்டிக்காரர்களுக்குப் புரிய வைக்கப் பாடுபடுகிறேன். பியூஸில் எழுதியிருக்கிற எண்ணைத் தாண்டிய நொடியிலேயே அது அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண பிளேடு பியூஸே அதன் அளவுக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாகப் போனால் குறைந்தது நூறு மணி நேரம் தாங்க வேண்டும். இரண்டு மடங்கு போனால் ஐந்து நொடிக்குள் அறுந்துவிட வேண்டும். தயாரிக்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு அது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பெரிய பியூஸ்களை இன்னும் பொறுமையாக, ஃபேன் மோட்டார் கிளம்பும்போது வருகிற தூக்கலுக்கெல்லாம் அசையாதபடி செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட நூறு ஆம்பியர் தகடு ஒன்று அறுந்து கிடக்கிறது என்றால், உள்ளே எங்கோ பல நூறு ஆம்பியர் ஓடியிருக்கிறது, அல்லது அது உட்கார்ந்திருந்த இடமே நீண்ட நாளாகச் சூடாகி வந்திருக்கிறது. தானாகப் போய்விட்டது என்கிற பேச்சுக்கே இடமில்லை. மாற்றுவது கால் மணி நேர வேலை. எதனால் போனது என்று தேடுவதுதான் நான் கூலி வாங்குகிற வேலை.

அறந்தாங்கியில் ஒரு பாயிடம் தொழில் பழகினேன். அப்போது ரோட்டில் அம்பாசிடரும் பத்மினியும் ஜீப்பும்தான். அம்பாசிடரில் கண்ணாடிக் குழாய் பியூஸ். மொத்தம் எத்தனை என்று விரலை மடக்கி எண்ணிவிடலாம். பியூஸ் போனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிவிட்டுப் போகிற டிரைவர்கள் இருந்தார்கள். வீட்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டிப் பழகிய கை அது. இழை போனால் இரண்டு இழை, அதுவும் போனால் நாலு இழை. பாய் அதிகம் பேச மாட்டார். ஒரு தடவை நான் ஹெட்லைட் பியூஸுக்கு வெள்ளித்தாள் சுற்றப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தி, "பியூஸ் லைட்டைக் காப்பாத்துறதுக்கு இல்ல தம்பி, வயரைக் காப்பாத்துறதுக்கு. லைட்டு போனா எட்டு ரூவா. வயர் எரிஞ்சா வண்டி" என்றார். பியூஸின் எண்ணை முடிவு செய்வது அதற்குப் பின்னால் போகிற வயரின் தடிமன். எந்த வயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பார்த்து, அது கருகுவதற்கு முன்னால் அறுகிற மாதிரி ஒரு தகட்டை வைக்கிறார்கள். எண்பது இருந்த இடத்தில் நூற்றிருபது போட்டால் கருகுகிற முறை வயருக்கு வந்துவிடுகிறது. பாய் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. டெஸ்ட் லைட்டைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதை வைத்துத்தான் யோசிக்கிறேன்.

பெரிய பியூஸ் என்ற ஒன்றை எங்கள் பக்கத்து ஜனங்கள் பரவலாகத் தெரிந்துகொண்டது கஜா புயலுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி, எங்கள் கடலோரம் எல்லாம் தென்னையும் கரண்டுக் கம்பமுமாகச் சாய்ந்து கிடந்தன. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் பேச வேண்டும், போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் நின்ற காரின் பேட்டரியைக் கழற்றி, அதில் ஒயரை மாட்டி பல்பு எரித்தார்கள், போன் சார்ஜ் ஏற்றினார்கள். என் பட்டறை வாசலிலேயே இரண்டு பேட்டரியை வைத்து ஊருக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தோம். பிறகு கரண்டு வரவர, கழற்றிய பேட்டரிகளை அவரவர் கையாலேயே திரும்ப மாட்டினார்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறியது அப்போதுதான்.

ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, பேட்டரியை வச்சு மாட்டினதும் பட்டுனு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"மாட்டுனது யாருங்கய்யா?"

"பேரன்தான். காலேஜ்ல படிக்கிறான்."

வண்டியைப் போய்ப் பார்த்தேன். பேட்டரியின் பிளஸ் முளை மைனஸ் முளையைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதற்கேற்பத்தான் கிளாம்ப்பின் துளையும். மாற்றி மாட்ட வேண்டுமானால் சின்னத் துளையுள்ள கிளாம்ப்பை நெம்பி விரித்து, மேலே தட்டித்தான் இறக்க முடியும். தடித்த முளையின் ஈயத்தில் ஒரு பக்கமாக வழித்துவிட்ட கீறல் இருந்தது. அதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. "பேரனைத் திட்டாதீங்கய்யா, பியூஸ் தன் உசிரக் கொடுத்து வண்டியக் காப்பாத்தியிருக்கு" என்றேன்.

டைனமோவுக்குள் டயோடுகள் இருக்கின்றன. டைனமோ உண்டாக்குகிற கரண்டைப் பேட்டரி பக்கம் விடுவதும், பேட்டரியின் கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் போகாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. பேட்டரியை மாற்றி மாட்டினால் தடுக்க வேண்டிய டயோடுகள் எல்லாம் வாசலைத் திறந்துவிடும். பேட்டரிக்குக் குறுக்கே ஒரு கம்பியை வைத்த மாதிரி ஆகிவிடும். கார் பேட்டரி சின்னதாகத் தெரிந்தாலும் ஷார்ட் ஆனால் ஐநூறு ஆம்பியரைச் சாதாரணமாகக் கொட்டும். வோல்ட் பாதியாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரம் வாட் சூடு அந்த ஒரு வழியில் இறங்குகிறது. டைனமோ பியூஸ் கண் இமைப்பதற்குள் அறுகிறது, அந்தப் பட்டென்ற சத்தம் அதுதான். அறுகாமல் இருந்தால் டயோடு வெடிக்கும், கேபிள் எரியும். அந்தப் பெரியவரின் வண்டியில் பியூஸை மாற்றி, டைனமோ 14.2 வோல்ட் கொடுக்கிறதா என்று பார்த்து, கூடவே போயிருந்த ரேடியோவின் சின்ன பியூஸையும் போட்டுக் கொடுத்தேன். வண்டி நன்றாக ஓடியது. அந்த நவம்பர், டிசம்பரில் இதே கதையோடு வந்த வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. அறந்தாங்கிக் கடைகளில் நூற்றிருபது ஆம்பியர் போல்ட் பியூஸ் தீர்ந்து, திருச்சியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்கினேன்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது மாற்றிக் கவ்வவிட்டாலும் இதேதான் நடக்கும். ராத்திரியில், ரோட்டோரத்தில், டார்ச் வெளிச்சத்தில் செய்கிறவர்கள் பேட்டரியின் மேல் இருக்கிற அழுக்கைத் துடைத்துவிட்டு, பிளஸ் குறியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். கேபிளின் சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ரிப்பேர் பார்த்த பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் கறுப்பு வயர் போட்டு வைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன்.

கழற்றிய பியூஸைத் தூக்கி எறிய மாட்டேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். ஷார்ட்டில் போன பியூஸில் நடுத்தகடு பெரும்பாலும் இருக்கவே இருக்காது. கண்ணாடி மாதிரி இருக்கும் மூடியின் உட்புறம் கறுத்து, உலோகம் பொடிப்பொடியாகத் தெறித்து ஒட்டியிருக்கும். அளவுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் போனதில் தகடு நடுவில் மட்டும் இளகி விலகியிருக்கும், மூடி லேசாகப் பழுப்பேறியிருக்கும், கறுப்பு இருக்காது. மூன்றாவது வகைதான் எங்கள் ஊருக்கென்றே உள்ளது. தகட்டின் நடுப்பகுதி முழுசாக இருக்கும். ஒரு பக்கத்துக் கால் மட்டும் நீலம் பாய்ந்து, அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கும். அது கரண்ட் அதிகமாகி வந்ததில்லை. நட்டு தளர்ந்து, உப்புக் காற்று புகுந்து, செம்பு பச்சை பூத்து, இணைப்பில் தடை ஏறியதால் வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு தடைதான், மல்டிமீட்டரில் சரியாகக் காட்டக்கூடச் செய்யாது. அதன் வழியே நூறு ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் ஐம்பது வாட் சூடு. நான் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் அதைவிடக் குறைந்த வாட். அதை நாள் முழுக்கப் பியூஸின் காலில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் புது பியூஸ் போடுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்.

மீன் வண்டிகளில் இந்த உப்பு காற்றோடு நிற்பதில்லை. பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு சேர்ந்து, பலகை இடுக்கு வழியாக வயரிங் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விடியற்காலை, மார்க்கெட்டில் ஏலம் முடிந்து நண்டும் இறாலும் ஏற்றிய பிக்கப் ஒன்று முக்கத்திலேயே நின்றுவிட்டது. எண்பது ஆம்பியர் பியூஸ் போயிருந்தது. டிரைவர் எனக்குத் தெரிந்த பையன். "அண்ணே, தடிச்ச கம்பியா ஒண்ணச் சுத்தி விடுங்க, திருச்சியில இறக்கிட்டு வந்து நிதானமாப் பாத்துக்கலாம். ஐஸ் கரையுது." அவன் அவசரம் நியாயமானது. நண்டு வாங்கின வியாபாரிக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு.

பியூஸின் மூடியைப் பார்த்தேன், உள்ளே கரி. "மாப்ள, கம்பி போட்டா வண்டி மணமேல்குடியோ அறந்தாங்கியோ தாண்டாது. மொதல்ல பல்பைப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

பல்பு வைத்தியம் பாய் கற்றுக் கொடுத்தது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயரை ஈயம் வைத்து, முனைகளில் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். பியூஸ் இருந்த இரண்டு முனைக்கும் நடுவில் அதை மாட்டுவேன். வண்டியில் எல்லாம் ஆஃப். உள்ளே ஷார்ட் இல்லையென்றால் பல்பு எரியாது, எரிந்தாலும் இழை சிவப்பாக மட்டும் தெரியும். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். பல்பு ஐந்து ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் வயருக்கு ஒன்றும் ஆகாது. பியூஸைப் போட்டுப் போட்டு எரித்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

அன்றைக்குப் பல்பு பளீரென்று எரிந்தது. டைனமோ கேபிளைக் கழற்றினேன், எரிந்துகொண்டே இருந்தது; டைனமோ மேல் குற்றமில்லை. கேபின் பக்கம் போகிற சாக்கெட்டை எடுத்தேன், அப்போதும் எரிந்தது. மீதி இருந்தது சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகிற வயர் கட்டு மட்டும். டிரைவரை பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்து, கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். "அண்ணே, அணஞ்சிருச்சு!" கையை விட்டால் "எரியுது!" கட்டைப் பிடித்திருந்த இரும்பு கிளாம்ப் துருவேறி, விளிம்பு அரமாகி, மேலுறையை அறுத்து, உள்ளே செம்பில் உட்கார்ந்திருந்தது. வயரைப் பிரித்தால் பச்சைப் பொடி உதிர்ந்தது. பச்சை உள்ள இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு நெடுந்தூரம் உள்ளே போயிருக்கும், அங்கே செம்பு கறுத்திருக்கும். கறுப்பு ஈயத்தைப் பிடிக்காது. பளபளப்பான செம்பு வரும் வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போய், அதே தடிமனில் புது வயர் சேர்த்து, லக்கு நசுக்கி, ஹீட் ஸ்லீவ் போட்டு, அதற்கு மேல் பழைய ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டைப் பிளந்து சுற்றிக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் புது பியூஸ். அதற்குள் சரக்கு வேறு வண்டிக்கு மாறிப் போய்விட்டது. பையனுக்கு அன்றைய வாடகை போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

கம்பி போட்ட வண்டியின் கதியையும் பார்த்திருக்கிறேன். வெளியூரில் எங்கோ ஓர் இடத்தில் அறுபது ஆம்பியர் பியூஸுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டை வெட்டிப் போல்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடலோர ரோட்டில் வரும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. குடும்பம் கீழே இறங்கிவிட்டது, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பேனர் தேட நேரமில்லாமல் டிரைவர் பேட்டரி கேபிளைக் கம்பி வெட்டுகிற கட்டரால் வெட்டியிருந்தார். நல்ல காரியம் செய்தார். நான் பார்த்தபோது வயரிங் கட்டு முழுவதும் உருகி ஒரே கட்டையாகியிருந்தது. மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவு பழைய வண்டி ஒன்று வாங்குகிற கிட்டத்தில் வந்தது.

மாற்றுகிற முறையில் நான் விடாமல் பிடித்துக்கொள்கிற சில ஒழுங்குகள் உண்டு. சாவியை எடுத்துவிட்டு, மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸ் நட்டில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் வால் பாடியில் பட்டால், மைனஸ் மாட்டியிருக்கிற வண்டியில் அந்த ஸ்பேனரே ஷார்ட் ஆகும். மோதிரமும் வாட்சும் போட்ட கை என்றால் சதை வெந்துவிடும். மைனஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. ஏர்பேக் வண்டி என்றால் கழற்றியபின் சில நிமிடம் காத்திருப்பேன்.

பெரிய பியூஸ் எல்லாவற்றையும் மேலிருந்து பிடுங்க முடியாது. பெட்டி மாதிரி இருக்கிற சில பியூஸ்கள் வெளியிலிருந்து பார்த்தால் சும்மா செருகியது போலத்தான் தெரியும். ஆனால் அடியில் ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கும். பிளையரால் இழுத்தால் மூடி மட்டும் கையோடு வந்து, கால்கள் உள்ளேயே நிற்கும். அப்படி உடைத்துக் கொண்டுவந்த பாக்ஸ்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. பாக்ஸின் பக்கவாட்டுப் பூட்டுகளை நெம்பி, மொத்தமாகத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் இருக்கிற மூடியைத் திறந்துதான் ஸ்குரூவுக்குப் போக வேண்டும். கழற்றிய இடத்தை வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடாவில் பிரஷ் முக்கித் துடைத்து, காயவைத்து, பொடி உப்புத்தாளால் செம்பு தெரியத் தேய்த்து, பிறகு புது பியூஸ். நட்டை இறுக்குவதில் அளவு வேண்டும். தளர்ந்தால் மறுபடி சூடு. ஆவேசமாக இறுக்கினால் பிளாஸ்டிக்கில் பதித்த போல்ட் சுற்ற ஆரம்பித்துவிடும், பாக்ஸே வீண். இறுக்கி முடித்தபின் மேலே வாசலின் பூசுவேன். இறுக்குவதற்கு முன்னால் நடுவில் பூசக் கூடாது, உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் பிளேடு பியூஸைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்க நிறத்தை வைத்து அளவு சொல்கிற பழக்கம் நிலைத்துவிட்டது. சிவப்பு பத்து, நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. இதை மனப்பாடம் செய்தவர்கள் பானட்டுக்குள் ஏமாந்துபோகிறார்கள். பெட்டி வடிவப் பியூஸில் பச்சை நாற்பது, மஞ்சள் அறுபது, முப்பதுக்கு இளஞ்சிவப்பு. பச்சை நிறத்தைப் பார்த்து முப்பது என்று எடுத்துப் போட்டால் போடுகிறது நாற்பது. மேலே அச்சடித்திருக்கிற எண்ணைப் படியுங்கள், மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிற படத்தோடு ஒப்பிடுங்கள்.

ரேடியேட்டர் ஃபேன் பியூஸில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. கடற்கரையோரம் நிற்கிற வண்டிகளில் உப்பும் மணலும் புகுந்து ஃபேன் மோட்டாரின் பேரிங் இறுகும். சுற்றச் சிரமப்படுகிற மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். முப்பது போகும். நாற்பது போட்டால் ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் சாக்கெட் உருகி ஃபேன் நிற்கும், ரோட்டில் ஓடும்போது தெரியாது, டோல்கேட்டிலோ கல்யாண மண்டப வாசலிலோ நிற்கும்போது என்ஜின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். ஃபேன் இறக்கையை விரலால் தள்ளிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என்ஜினும் சாவியும் ஆஃபில் இருக்கும்போது மட்டும், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். பல வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் ஓட ஆரம்பிக்கும்.

டூப்ளிகேட் பியூஸ் இன்னொரு தொல்லை. நிறமும் எண்ணும் அச்சாக இருக்கும். தகடு வேறு. வாங்குகிற ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஒரு பத்து ஆம்பியரை எடுத்து, பேட்டரியில் ஹெட்லைட் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணையாக மாட்டி, இருபது ஆம்பியருக்கு மேல் ஏற்றிப் பார்ப்பேன். நல்ல பியூஸ் நாலைந்து நொடியில் விட்டுவிடும். விடாமல் பிளாஸ்டிக் இளகுகிற வரை நின்ற பியூஸ்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பாக்கெட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நூறு ஆம்பியர் பியூஸை இப்படிச் சோதிக்க என்னிடம் வசதி இல்லை, அதனால் பெரிய அளவுகளைக் கம்பெனி டீலரிடம்தான் வாங்குகிறேன். விலை கூடத்தான்.

இப்போது பேட்டரிக் கார்களும் இந்த ரோட்டில் ஓடுகின்றன. அவற்றின் பானட்டிலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அந்தப் பக்கத்து பியூஸ்களை நான் பார்க்கிறேன். ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கிற பக்கம் கை வைப்பதில்லை. அங்கே ஓடுவது முன்னூறு வோல்ட்டைத் தாண்டிய டிசி. நம் பிளேடு பியூஸின் முதுகில் 32 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதற்கு மேற்பட்ட வோல்ட்டில் தகடு அறுந்தாலும் நடுவில் தீப்பொறி பாலமாக நின்று கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதை அணைக்க அந்த வண்டிகளின் பியூஸுக்குள் மணல் நிரப்பியிருப்பார்கள். அதற்கான பயிற்சியும் கையுறையும் வேண்டும். என் பட்டறைப் பையனை அந்தப் பயிற்சிக்கு அனுப்ப இருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு மீன் வராததால் சரக்கு வண்டி டிரைவர்களுக்கு ஓட்டம் குறையும். அப்போது வண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். கிளாம்ப்புகளைக் கழற்றி, ரப்பர் வைத்து, பியூஸ் பாக்ஸைக் கவிழ்த்து, ஒவ்வொரு நட்டாகத் திறந்து துடைத்துப் பூட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் வேலை. தங்கள் வண்டிக்குரிய பெரிய பியூஸ் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி, டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளவும் சொல்வேன். ராத்திரி இரண்டு மணிக்கு மீமிசலில் நின்றால் நூறு ஆம்பியர் போல்ட் பியூஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது. பியூஸ் கையில் இருந்தால், பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு நான் வந்துவிடுவேன்.